ஆறு போத்தல் பரமீசியம்

கருவாட்டுப் பொரியல் வைத்த சாப்பாட்டுப் பெட்டியை நுணுக்குக்காட்டிக்குப் பக்கத்திலேயே திறந்து, தினமும் என்னிடம் ஏச்சு வாங்கிய என் றெஜினாவுக்கு,

இறந்தவர்களுக்குக் கடிதம் போய்ச் சேரும் என்று நான் நம்புவதில்லை. நீ நம்பினாய். மரித்தோர் தினத்தில் முல்லைத்தீவுக்குப் போய், உன் தகப்பனின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தி, ஒரு மணித்தியாலம் அவரோடு கதைத்துவிட்டு வருவாய். "அவர் மறுமொழி சொல்லுறவரோ?" என்று ஒருமுறை கேட்டேன். "உன்னைவிடக் கூடக் கதைப்பார்" என்றாய்.

நான் கதைக்காமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும். அடுத்த கிழமை உன் வழக்கில் நான் சாட்சி சொல்ல வேண்டும். பொலிசில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு பொய் இருக்கிறது. அதை நீதிமன்றத்தில் திரும்பச் சொல்வதா, விடுவதா என்பதுதான் எனக்கு முன்னால் உள்ள கேள்வி.

அன்று நடந்ததைப் பின்னாலிருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். நாங்கள் இருவரும் படிப்பித்த தரம் பத்து விஞ்ஞானத்துக்குச் செய்முறைப் பாடம்; பரமீசியம் என்ற ஒருகல உயிரைக் காட்ட வேண்டும். விடியக் குளத்துக்குப் போய், பாசியோடு சேர்த்து இரண்டு போத்தல் தண்ணீர் அள்ளினோம். "ஒரு துளியும் சிந்தக்கூடாது. உடைஞ்சால் இண்டைக்குப் பாடமில்லை" என்றேன். "உத்தரவு, மகாராணி" என்று சொல்லி, நீ இரண்டையும் உன் ஸ்கூட்டியில் காலடியில் வைத்தாய். நான் என் ஸ்கூட்டியில் பின்னால் வந்தேன். முரசுமோட்டை தாண்டியதும் ஒரு போத்தல் சரிந்தது. நீ இடது கையை விட்டுக் குனிந்தாய். ஸ்கூட்டி வீதியின் நடுவுக்கு வெட்டியது. எதிரே மணல் ஏற்றிய டிப்பர், அந்த வீதியில் எவரும் ஓடக்கூடாத வேகத்தில் வந்தது.

முன் சில்லு உன்மேல் ஏறி இறங்கியது. பின்னர் பின் சில்லும். உன் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கழுத்துக்குக் கீழே நான் பார்த்ததை யாருக்கும் சொன்னதில்லை, இங்கேயும் எழுதமாட்டேன்.

சனம் ஓடிவந்து சாரதியை இழுத்து வீதியில் போட்டு அடித்தது. கல்லால், தலைக்கவசத்தால், காலால். அவரது பல் ஒன்று தாரில் விழுந்து கிடந்ததைக் கண்டேன். நிறுத்துங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரவேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

பொலிசில், "அவ வீதியோரமாக நேராகத்தான் போனவ" என்று சொன்னேன். எழுதி வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். நீ குனிந்தாய் என்று சொன்னால், ஏன் குனிந்தாய் என்று கேட்பார்கள். போத்தலுக்காக என்று சொல்ல வேண்டும். ஒரு துளியும் சிந்தக்கூடாது என்றது யார் என்பது வெளியே வரும். பொய்க்குக் காரணம் உன்மேல் வைத்த அன்பு என்று இரண்டு வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு போத்தல் உடைந்தது. மற்றது வாய்க்காலுக்குள் உருண்டு முழுதாகக் கிடந்தது. அதை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்துப் பைக்குள் வைத்தேன். மரண வீட்டுக்கும் அந்தப் பையோடுதான் வந்தேன்.

அந்த ஒன்றை ஆறாக்கினேன். வைக்கோலை அவித்து, வடித்து, ஆறவிட்டு, அதில் கொஞ்சம் குளத்துத் தண்ணீர். மூன்று கிழமைக்கு ஒருமுறை புது வைக்கோல் தண்ணீருக்கு மாற்றுவேன். மூடியை இறுக்காமல் நுளம்புவலைத் துணியைக் கட்டி, வெயில் நேரே படாத யன்னலோரம் வைப்பேன். உன் விதிகளில் ஒன்றையும் நான் மாற்றவில்லை. கையில் காயமுள்ள பிள்ளை பிளாஸ்டர் ஒட்டாமல் போத்தலைத் தொடக்கூடாது. சொட்டுக்குழாயை வாயில் வைக்கக்கூடாது. முடிந்ததும் சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவ வேண்டும். பழைய வளர்ப்பைக் குளோரின் போட்டுக் கொல்லாமல் வெளியே ஊற்றவே கூடாது.

பீப்பா வடிவ நுண்ணுயிர் ஒன்று பரமீசியத்தை முட்டிக் குத்தி, தன்னைவிடப் பெரிய அதை முழுதாக விழுங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவாயே. "ஐயாவுக்கு இண்டைக்குக் கலியாண வீட்டுச் சாப்பாடு" என்பாய். பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் காட்டும்போது ஒருவரும் சிரிப்பதில்லை. நான் அதை எப்படிச் சொல்கிறேனோ தெரியாது.

இந்த வருடம் தரம் பத்தில் கீர்த்தனா என்று ஒரு பிள்ளை. அந்தச் சாரதியின் மகள். நான் அவளை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளோ ஒவ்வொரு செய்முறைக்கும் முதல் ஆளாய் வந்து நுணுக்குக்காட்டிக் கண்ணாடி வழுக்கிகளைத் துடைத்து வைப்பாள்.

மழைக்குப் பிறகு, டெங்கு பார்க்கச் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ வருகிறார் என்று எங்கள் பாடசாலை அதிபர் அறிவித்தார். பள்ளிக்கூடம் முழுக்கத் துப்புரவுச் சிரமதானம். எங்கள் சனத்துக்குத் தேங்கின தண்ணீரைக் கண்டால் கை சும்மா இராது என்பது உனக்குத் தெரியும். யுத்தம் முடிந்து அடைபட்டிருந்த முகாமில் பழகியது. வாளியோ, தாங்கியோ, குடமோ, எதைக் கண்டாலும் குளோரின். அப்போது பிறந்தே இராத பிள்ளைகளுக்கும் அந்தக் கை வாய்த்திருக்கிறது.

நான் ஆய்வுகூடத்துக்குள் போனபோது ஆறு போத்தலும் கண்ணாடிபோலத் தெளிந்து நின்றன. துணியை அவிழ்க்குமுன்னே மணம் மூக்கில் ஏறியது. ஒரு துளி எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன். பரமீசியங்கள் வீங்கி, வெடித்து, உள்ளே இருந்தது வெளியே வழிந்து கிடந்தன. ஆறிலும் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

"ஆர் இதுக்குள்ளை குளோரின் போட்டது?"

கீர்த்தனா எழும்பினாள். அவளுடைய முகத்தில் பயமே இல்லை. "நான்தான் ரீச்சர். புழு கிடந்தால் பி.எச்.ஐ உங்களிலை வழக்கு எழுதுவார் எண்டு சொன்னவை. அதுதான் அவர் வரமுன்னம் போட்டனான்."

மேசையில் மீற்றர் கோல் கிடந்தது. அதை எடுத்து அடித்தேன். தோளில், முதுகில், தடுக்க உயர்த்திய கையில். கோல் முறிந்தது. முறிந்த துண்டாலும் அடித்தேன். முறிந்த முனை பட்டு முழங்கைக்குக் கீழே தோல் பிளந்து, வெள்ளைச் சட்டையில் இரத்தம் ஊறியது. "கொப்பன் அவளைச் சாக்காட்டினவன். நீ மிச்சத்தையும் சாக்காட்டிப்போட்டாய்." இது நான் சொன்னது, றெஜினா. முப்பது பிள்ளைகளுக்கு முன்னால். இத்தனை வருடப் படிப்பித்தலில் நான் ஒரு பிள்ளையின் காதைக்கூட முறுக்கியதில்லை.

பிள்ளைகள் போன பிறகு அலுமாரியைத் திறந்தேன். குளோரின் தூள் டப்பாவில் நீ ஒட்டிய துண்டு அப்படியே இருந்தது. உன் உருண்டைக் கையெழுத்து. "ஒரு போத்தலுக்கு ஒரு கரண்டி. அரை மணித்தியாலம் விடவும். பிறகே ஊற்றவும்." அவள் உன் சொல்லைத்தான் கேட்டிருக்கிறாள்.

கீர்த்தனா அதன் பிறகு பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அதிபர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "தகப்பன் முறைப்பாடு குடுத்தால் உங்கடை வேலை கஷ்டம் ரீச்சர். ஆனால் யோசிக்காதேங்கோ, அவர் குடுக்கமாட்டார். வழக்கிலை நீங்கள்தானே சாட்சி. பயம் இருக்கும்."

எனக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார்.

அவளை அடித்த பன்னிரண்டாம் நாள் அவர்களின் வீட்டுக்குப் போனேன். படலையடியில் என்னைக் கண்டதும் அந்த மனிதர் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு ஓடிவந்தார். முன்பல் இல்லை. "வாங்கோ ரீச்சர், இருங்கோ" என்று கதிரையை இழுத்தார். நான் வாய் திறக்குமுன்னே உள்ளே திரும்பி, "எடியே, வெளியிலை வா. ரீச்சரின்ரை காலிலை விழுந்து மன்னிப்புக் கேள்" என்றார். கீர்த்தனா வாசலில் வந்து நின்றாள். விழவில்லை. அவர் அடுப்படியில் கிடந்த விறகை எடுத்தார். முதல் அடி அவளது தொடையில் விழுந்தது. அவர் அடித்தபடி என்னைத்தான் பார்த்தார். போதுமா, இன்னும் வேண்டுமா என்று கேட்கும் பார்வை. அந்தப் பிள்ளை எனக்காக அடிபட்டுக்கொண்டிருந்தாள்.

நான் இடையில் போனேன். அடுத்த அடி என் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பில் வெடிப்பு என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

விறகு அவர் கையிலிருந்து தானாக விழுந்தது. நிலத்தில் குந்தி இருந்து இரண்டு கையாலும் தன் தலையில் அடித்தார். "நான் வேகமா வந்தனான் ரீச்சர். அதை நான் இல்லையெண்டு ஒருநாளும் சொல்லேல்லை. ஆனா அவா குனிஞ்சவா. நீங்கள் பின்னாலை வந்தனீங்கள். கண்டனீங்கள்தானே? இவளே நான் பொய் சொல்லுறன் எண்டுதான் நினைக்கிறாள்."

கீர்த்தனா உள்ளே போய் ஈரத்துணி கொண்டுவந்து என் கையைச் சுற்றினாள். கட்டி முடிக்கும்வரை அவள் தலை நிமிரவில்லை.

"மருந்து போடேக்கை அதுகளுக்கு நொந்திருக்குமோ ரீச்சர்?" என்று கேட்டாள்.

"இல்லை. அதுகளுக்கு நரம்பில்லை."

"எனக்கு நொந்தது" என்றாள்.

அங்கேயே நான் மன்னிப்புக் கேட்டேன். அவளிடமும், அவரிடமும். அவள் தலையாட்டவில்லை. அவர்தான் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று பத்துத் தரம் சொன்னார். அது மன்னிப்பில்லை, பயம். நான் அந்த வாக்குமூலத்தை வைத்திருக்கும்வரை அந்த வீட்டில் எவருக்கும் என்னை மன்னிக்கவோ ஏசவோ சுதந்திரமில்லை என்பது அங்கேதான் விளங்கியது.

நேரே நெளுக்குளத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். உன் மகள் அனற் அங்கே அறை எடுத்துத் தங்கி வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், இரண்டாம் வருடம். உன்னைப்போலவே சத்தமாகச் சிரிப்பாள். அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு துளியும் சிந்தக்கூடாது என்று நான் சொன்ன சொல்லையும் சேர்த்து.

"கடைசியா அம்மா போத்தலைத்தான் பார்த்தவவோ?"

"ஓம், பிள்ளை."

"அப்ப அவனை விடப்போறீங்களோ, பெரியம்மா? அம்மாவிலை பிழையெண்டு சொல்லப்போறீங்களோ?" என்று கத்தினாள். அவள் கையில் இருந்த எதுவோ சுவரில் பட்டு உடைந்தது. அழைப்பு அறுந்தது. மூன்று நாளாக அவள் என் அழைப்பை எடுக்கவில்லை. நீ இருந்தால் எங்கள் இரண்டு பேரில் யாருக்கு ஏசியிருப்பாய்?

கீர்த்தனாவின் மேசை இன்றைக்கும் காலிதான். அவள் வருவாளா என்று தெரியாது. வராவிட்டாலும் நான் செய்யப்போவது மாறாது.

முதல் வாக்குமூலம் பொய் என்று சொன்னால் என்மேலும் வழக்கு வரலாம். வரட்டும். சாட்சிக் கூண்டில் ஏறி அவரது வேகத்தைச் சொல்வேன். ஒரு கிலோமீற்றர்கூடக் குறைக்கமாட்டேன். நீ கையை விட்டுக் குனிந்ததையும் சொல்வேன். உன்னை அந்த வீதியில் இன்னொருமுறை விழுத்துவதுபோல இருக்கும். ஆனாலும் சொல்வேன் என்று உனக்குச் சத்தியம் செய்கிறேன்.

உன் மகள் திரும்பவும் பெரியம்மா என்று கூப்பிடக் காத்திருக்கும்,
கௌசலா