பூச்செண்டில் சுற்றிய புடவை

பொம்மிடி
22-4-2025

அன்பு மகள் பிளசிக்கு அம்மா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கக் கை வரவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

நேற்று உன் சித்தி லூர்துமேரி, நீ அனுப்பிய படத்தைக் காட்டினாள். "அக்கா, இது உங்க கல்யாணப் பொடவையாட்டம் இருக்குதே! வெட்டிப் பூச்செண்டுக்குச் சுத்தி வெச்சிருக்கறா பாருங்க" என்றாள். வீட்டுக்கு ஓடிவந்து பெட்டியைத் திறந்தேன். புடவை சுற்றியிருந்த வெள்ளைத் துணி மட்டும் கிடந்தது.

"உன் கல்யாணத்துக்குப் பிடித்த புடவையை எடுத்துக்கொள்" என்று சொன்னது நான்தான். அதற்காக அதையா எடுப்பாய்? சாமியார் சிலுவை போட்டு மந்திரித்துக் கொடுத்த கூறைப் புடவையடி அது. அதில் கத்தரி வைக்க உனக்கு எப்படி மனம் வந்தது?

அம்மா
ராயம்மாள்


பெங்களூரு
26-4-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சித்திக்கு மட்டும் படம் அனுப்பிவிட்டு, கல்யாணத்தன்று காட்டி உங்களை அசத்தலாம் என்றிருந்தேன். நான் உடுத்தப்போவது வெள்ளைப் புடவை. உங்கள் புடவையும் என்னோடு பீடம் வரை வரட்டும் என்றுதான் சரிகையை ரவிக்கைக் கையில் வைத்துத் தைத்தேன், பூச்செண்டுக்குச் சுற்றினேன், மிச்சத்தில் தோழிகளுக்கு ரிப்பன். இங்கே இப்போது நிறையப் பேர் இப்படிச் செய்கிறார்கள்.

முந்தானையில் ஏற்கெனவே ஒரு சாண் துண்டு இல்லை. எலி கடித்ததை நீங்களே வெட்டி எறிந்திருப்பீர்கள், இனி உடுத்த மாட்டீர்கள் என்று நினைத்துவிட்டேன்.

திட்டுங்கள் அம்மா. பேசாமல் மட்டும் இருக்காதீர்கள். பன்னிரண்டாம் தேதி கோவிலுக்கு வருவீர்கள்தானே?

உங்கள்
பிளசி


பொம்மிடி
1-5-2025

பிளசிக்கு,

எலி கடிக்கவில்லை. அந்த ஒரு சாண் துண்டை வெட்டியது நான்.

உன் அப்பா இறந்தபோது உனக்கு ஐந்து வயது. சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால், ஜெபமாலையோடு அந்தத் துண்டையும் அவர் கையில் வைத்தேன். மிச்சப் புடவையை என்மேல் போர்த்தி, அவர் பக்கத்திலேயே அடக்கம் செய்யச் சொல்ல வேண்டும் என்று இருபத்திரண்டு வருடமாக வைத்திருந்தேன். கல்யாணப் பெண்ணிடம் சாவுப் பேச்சு எதற்கு என்று உன்னிடம் சொல்லவில்லை. அது என் தப்பு.

உனக்கு இப்போது தூக்கிவாரிப் போடும். எனக்கும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கல்யாணத்துக்கு வரக் கூடாது என்றுகூட இருந்தேன். யோசித்துப் பார்த்தால், அந்தப் புடவையில் முதலில் கத்தரி வைத்தவள் நான்தானே.

வருகிறேன். ரவிக்கையில் இருப்பது உனக்கு. தோழிகளிடம் எதையும் திரும்பக் கேட்காதே. பூசை முடிந்ததும் பூச்செண்டைத் தூக்கி எறிவீர்களாமே, சித்தி சொன்னாள். பூவை யாருக்கு வேண்டுமானாலும் கொடு. சுற்றியிருக்கிற துணியை மட்டும் அவிழ்த்து என் கையில் கொடுத்துவிடு.

உன் அப்பாவும் அவ்வளவுதான் கொண்டுபோனார்.

அம்மா