கூடத்து மிஷின் ரிப்பேர்

என் செல்ல மகன் வெங்கலத்துக்கு,

நீயும் உன்னோடு இருக்கும் நர்ஸ் தம்பியும் காய்ச்சல் தலைவலி எதுவும் அண்டாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். உங்கள் இருவரையும் சேர்த்து விசாரித்து எழுதுவது இதுதான் முதல் தடவை, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன், கை கூசவில்லை. போனில் சொல்லக் கூடாதா என்பாய், போனில் நான் அழுதுவிடுவேன், நீ "சரிம்மா, வைக்கிறேன்" என்பாய், அதனால்தான் கடிதம்.

உன் அத்தை வந்திருந்தாள். மகள் கல்யாணத்துக்கு உன்னை அனுப்ப வேண்டாம், "சம்பந்தி வீட்டு முகத்துல எப்படி அண்ணி முழிப்பேன்" என்று சொன்ன அதே அத்தைதான். இப்போது என் சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு, "காலம் மாறிடுச்சு அண்ணி, என் மருமகன் ஆபீஸ்லயே ரெண்டு பேர் அப்படி இருக்காங்களாம், தங்கமான பசங்களாம்" என்கிறாள், என்னவோ மழை விட்டுவிட்டது, குடையை மடக்கலாம் என்பது போல. நனைந்தது நாங்கள்தானே என்று நாக்கு நுனிவரை வந்தது, காபியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நம் பிரார்த்தனைக் கூடத்துக்குப் புதுப் பெரியவர் வந்திருக்கிறார். பெரியவர் என்று பேர்தான், உன் வயதுதான் இருக்கும். வந்த முதல் வாரமே, "கடவுள் படைச்ச யாரையும் வாசல்ல நிறுத்த நமக்கு அதிகாரம் இல்ல, ஆணை விரும்புற ஆணும் இந்தக் கூடத்துப் பிள்ளைதான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மளிகைக்கடைக்காரர் குடும்பத்தோடு எழுந்து போய்விட்டார், மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் நிற்கவில்லை, இந்த வார்த்தை அன்றைக்கே வந்திருந்தால் நீ பெட்டியைத் தூக்கியிருப்பாயா? கூட்டம் கலைந்ததும் அவர் நேராக மைக் அறைக்குப் போய், அங்கே மைக் செட் பார்க்கும் அப்பாவிடம், "பிரார்த்தனைக்கு முன்னாடி உங்க பையன் பாடின பாட்டைப் போடுவீங்களாமே, பழையவர் நிறுத்தச் சொன்னதை நான் போடச் சொல்றேன், அடுத்த வாரம் போடுங்க" என்றார். அப்பா வயரைச் சுருட்டிக்கொண்டே, "பாட்டுப் போடுற மிஷின் ரிப்பேருங்க" என்றார்.

அடுத்த வாரமும் ரிப்பேர், அதற்கடுத்த வாரமும் ரிப்பேர். ஊர்ப்பட்ட ரேடியோவையும் போனையும் பிரித்து மாட்டுகிற மனிதர் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள், தையல்கார அக்காகூட "என்ன அண்ணே, டாக்டர் வீட்லயே காய்ச்சல் எறங்கலியா" என்று எல்லோரும் சிரிக்கக் கேட்டாள். ஊரே இறங்கி வந்தாலும் இவர் இறங்கமாட்டாரா என்று எனக்கு ஆத்திரம், அவர் ரிப்பேர் கடைக்கே போய்க் கேட்டேன். கூடத்து மிஷினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பரப்பியிருந்தார். "அதுல பாட்டு இல்ல" என்றார். "எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும், ஒளித்து வாழ மாட்டேன்" என்று நீ கூடத்து வாசலில் சொன்ன அந்த வாரமே பழையவர் அதை அழிக்கச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்றவர்கள் இளித்துக்கொண்டே மிஷினில் கை வைக்கப் போக, இவர் தட்டிவிட்டு, "எம் புள்ள கொரல்ல எவன் கையும் படக்கூடாது, நானே அழிக்கிறேன்" என்று அழித்துவிட்டாராம். வேறு எதிலாவது எடுத்து வைக்கத் தோன்றவில்லையா என்றேன். "கோவத்துல இருந்தேன்டி, அவனுங்க மேலயா இவன் மேலயான்னு இன்னிக்கும் தெரியல" என்றார். போனில் படமெல்லாம் போய்விட்டது என்று அழுதுகொண்டு வருகிறவர்களிடம் "அழிச்சது அழிச்சதுதாம்மா, வராது" என்று தினமும் சொல்கிற வாய் அது. அவருக்குத் தெரியாதா? இருந்தும் கழற்றிக் கழற்றித் தேடுகிறார்.

நீங்களே அவனைக் கூப்பிட்டு இன்னொரு தடவை பாடி அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். "எந்த மூஞ்சியோட கேக்கறது?" என்றார். நீ பாடுவதையே விட்டுவிட்டாய் என்பதை அவரிடம் இதுவரை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன், அதைத் தாங்க அவரிடம் தெம்பு இல்லை. உன்னிடம் பாட்டையும் கேட்கவில்லை கண்ணா, மனசு வராத பாட்டு யாருக்கு வேண்டும்? அவரை மன்னித்துவிடு என்றும் சொல்லவில்லை, அது உன் இஷ்டம். ஒன்றே ஒன்றுதான். நான் இல்லாத நேரம் அவர் போனை எடுத்தால் நீ பேசாமல் வைத்துவிடுகிறாய். நான் வந்ததும் "ராங் நம்பர்" என்பார், உன் நம்பர் அதில் தெரியும் என்று எனக்குத் தெரியாதது போல. அப்படி ராங் நம்பர் வந்த நாளெல்லாம் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் சாப்பிட உட்காருவார். நேற்று எடுத்துப் பார்த்தேன், சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்திருக்கிறார். நீ வைப்பதற்குள் உன் மூச்சைத்தான் கேட்கிறார் போல.

குளிரில் காதை மூடிக்கொள். நைட் டியூட்டி முடிந்து வரும் தம்பிக்குச் சூடாக ஏதாவது வைத்திரு, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக நூறு வருஷம் நன்றாக இருங்கள். சாயந்திரம் நான் கூடம் பெருக்கப் போய்விடுவேன், போன் அப்பாவிடம்தான் இருக்கும். கோபமாகத் திட்டினாலும் பரவாயில்லை, வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா