அவரே பூசிய விபூதி

ஆடி 11, வெள்ளி.

பக்கவாதம் வந்த நாள்முதல் இவருக்கு நான்தான் விபூதி பூசிவிடுகிறேன். இன்று மகள் செல்வி தடுத்தாள். ஆக்குபேஷனல் தெரபி கடைசி வருடம் படிக்கிறாள். முடங்கிய கையை அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் படிப்பு.

இவரே அந்தக் கையால் பூசப் பார்த்தார்; விபூதி மூன்று தடவை சட்டையில் கொட்டியது. பொறுக்காமல் எழுந்தேன்.

"நீயே பூசிவுட்டுக்கினு இருந்தா அந்தக் கை எப்பம்மா வேலை செய்யும்? உக்காரு."

"உன் பொண்ணு வாத்தியாராட்டம் மெரட்டுறாடி," என்று இவர் சிரித்தார்.

நான்காவது தடவை விரல்கள் நெற்றியைத் தொட்டுவிட்டன.

பேங்க் பரீட்சை எழுதச் சொல்லி இவளிடம் எத்தனை சண்டை போட்டேன்! ஈஸ்வரா, நல்லவேளை என் பேச்சை அவள் கேட்கவில்லை.

இவர் தூங்குகிறார். விபூதி புருவத்தின்மேல் கோணலாக இருக்கிறது. நான் சரிசெய்யவில்லை.