காந்திமதியானாவும் முப்பத்தெட்டுத் தலையணைகளும்

நாள் 212. 07:40. மலை நிலையம், உயரம் 4,100 மீட்டர்
வெப்பம் மைனஸ் இரண்டு. காற்று பரவாயில்லை. என் முழங்கால் மோசம். இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் காந்திமதி, செடிகளை வகைப்படுத்துபவள், வயது ஐம்பத்து மூன்று. இந்தக் கிரகத்தின் இந்த மலையுச்சியில் ஒரே மனுஷி. ஆகவே அழகியும் நானே.
பாறையிடுக்கில் புதிய புதர். இலை முழுக்க வெள்ளை மயிர், பூனைக்குட்டியின் வயிறு மாதிரி.

நாள் 219. 16:10
அழுத்தி உலர்த்திய மாதிரி தயார். லென்ஸில்: மயிர் நேரானது, கிளையில்லை, கொக்கியில்லை. பஞ்சுச்செடிக் குடும்பம். தீங்கற்றது. பச்சை இலையையும் பார்த்துவிட்டே எழுத வேண்டும். ஆனால் அடிவாரக் குடியிருப்பில் மாசிலாமணியும் இதே செடிக்குப் பெயர் யோசிக்கிறாராம். எங்கள் தொழிலில் முதலில் வைத்த பெயரே பெயர். பெயரையும் விவரத்தையும் ரேடியோவில் அனுப்பிவிட்டேன்: காந்திமதியானா. தன் பெயரைத் தானே வைப்பது அசிங்கம்தான். மலையில் யார் பார்க்கிறார்கள்?

நாள் 231. 11:05
அடிவார ரேடியோக்காரர் சவரிமுத்து: "அக்கா, தீங்கில்லன்னு எழுதினீயள்லா? இங்க சரிவு பூரா அந்தச் செடிதான். மயிரைச் சுரண்டி முப்பத்தேழு பேருக்கும் முப்பத்தெட்டு தலையணை தச்சாச்சு. மாசிலாமணி சாருக்கு ரெண்டு!"
மாசிலாமணி தினமும் என் பெயரில் தலை வைத்துத் தூங்குகிறார். இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நாள் 233. 09:20
என் பெயரை ரசிக்கலாமென்று மாதிரியை எடுத்தேன். லென்ஸில் தூசி. ஊதினேன். மூச்சு பட்டதும் மயிர்கள் அசைந்தன. ஒவ்வொன்றும் ஐந்தாகப் பிரிந்தது. நுனிதோறும் கொக்கி. காய்ந்தால் மடங்கிக்கொள்கிறது, ஈரம் பட்டால் விரிந்து ஒடிகிறது. வேறு குடும்பம்.
நுரையீரலில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

09:50
ரேடியோவில் சவரிமுத்துவிடம் தலையணைகளைப் புதைக்கச் சொன்னேன்.
"போங்கக்கா! போன மாசம் காப்பித்தூள்ல வெசம்னு சொல்லி அம்புட்டையும் கொட்ட வச்சீய. அதுக்கு முந்தி பாசி கடிக்கும்னீய. இந்தத் தடவ ஏமாற மாட்டோம்."
பின்னாலிருந்து மாசிலாமணி: "பேரை நான் மாத்திருவேன்னு அந்தம்மாவுக்குப் பயம்."

நாள் 234. 18:30
மலைக்கும் அடிவாரத்துக்கும் ஓடும் கம்பிவண்டி கீழேயே நிற்கிறது. அனுப்பச் சொன்னால் சிரிக்கிறார்கள். நடந்தால் நான்கு நாள். என் முழங்கால் ஒரு நாள் தாங்கும். திருத்தம் பதினோரு முறை அனுப்பினேன். சத்தியம் செய்தேன். அழுதேன்.
"நடிப்பு பிரமாதம்க்கா," என்றார் சவரிமுத்து. சிரிப்புக்கு நடுவில் ஒரு இருமல்.

நாள் 236. 06:15
"அக்கா... நெசமாவேதான் சொன்னீயளா?"
ஆமாம் என்றேன். இருமல். பிறகு யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம்.

நாள் 239
ரேடியோவில் இரைச்சல் மட்டும். மாசிலாமணி, மாற்றிவிடுங்கள் ஐயா. உங்கள் பெயரையே வையுங்கள்.

நாள் 240
அன்று மாதிரியை ஊதியவள் நான்; காலையிலிருந்து எனக்கும் இருமல். திருத்திய விவரம். இலைமயிர்: ஐந்து கிளை, கொக்கியுள்ளது. வளரிடம்: பாறையிடுக்கு, அடிவாரச் சரிவு. குடும்பம்: மாற்றப்பட்டது.
பெயர்: காந்திமதியானா. குடும்பம் மாறினாலும் முதலில் வைத்த பெயர் போகாது. விதி அப்ப