கிணற்றடியைப் பார்க்கும் காமிரா

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்றும் ஷீட் போய்விட்டது. ஏழு. லேபில் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தபோது பாறசாலையிலிருந்து அப்பா போன் செய்தார். விடியும் முன்னே எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டி, உறையவைத்து, உருளையில் அழுத்தி, கிணற்றடிக் கயிற்றில் காயப்போடும் ஷீட்டை யாரோ சொந்தத் துணியை எடுப்பதுபோல எடுத்துப் போகிறார்கள். அப்பா யாரையும் திட்டவில்லை. "ஏழெண்ணம் காணல்ல" என்று மட்டும் சொன்னார்.

பிறகு ஜெயன் அண்ணன் வாங்கிப் பேசினான். விழிஞ்ஞம் துறைமுகத்தில் அவனுக்கு ஷிப்ட் வேலை, பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். "காமிரா வச்சிருவோம். நீ படிச்ச புள்ள, எதுன்னு நீயே பாத்துச் சொல்லு."

ஒரு பொருள் வாங்கும் முன் என்னிடம் கேட்டது இதுதான் முதல் தடவை. ஹாஸ்டல் திரும்பும்போது கரமனை பாலத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டு நடந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 8

லேபில் ஸ்ரீகண்டன் சார், "வைஃபை காமிரா போதும், பிளக்கில் குத்தினா தீர்ந்து" என்றார். நான் மூன்று நாளாகப் படித்துப் பார்த்ததில் எங்கள் வீட்டுக்கு அது சரிவராது. வெட்டுக்கல் சுவர். முன்னறையில் இருக்கும் மோடத்தின் சிக்னல் அடுக்களை தாண்டாது. ஒயர் இழுத்த காமிராவென்றால் ஒரே கேபிளில் கரண்டும் படமும் போகும். நெட் போனாலும் ரெக்கார்டரில் பதிவாகும். முன் கேட்டுக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று. கிணற்றடிக்கு மட்டும் ஐந்து மெகாபிக்சல். முகம் தெளிய வேண்டாமா?

மைக் உள்ளது வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். அம்மா துணி அலசும்போது கீர்த்தனை பாடுவாள். அதை யாரும் பதிவு செய்ய வேண்டாம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காமிரா வைத்தாயிற்று. மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். இல்லை.

சஜி என்கிற எலக்ட்ரீஷியன் வந்தார். நான் கோணம், உயரம் எல்லாம் காகிதத்தில் வரைந்து வைத்திருந்தேன். எடுத்துக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது, மடித்துக் கையிலேயே வைத்திருந்தேன். அதற்குள் அண்ணன் மனைவி நீது வந்துவிட்டாள். "சேட்டா, சுவரைத் துளைக்கண்டா. இறவாரத்துக்கு அடியில கிளிப் அடிச்சுக் கொண்டுபோனா போதுமே." அவரும் "அது செரியாணு" என்றார். அப்படியே செய்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டே, "இவ மட்டும் இல்லாட்டா சொவரெல்லாம் ஓட்டையாக்கியிருப்பான்" என்றாள். தேடித் தேடித் தேர்ந்தெடுத்தவள் நான். கிளிப் சொன்னவளுக்குப் பாராட்டு.

கல்யாணமாகி நான்கு மாதம். மாமி என்று கூப்பிட வேண்டியவள் 'அம்மே' என்கிறாள். அம்மாவும் திரும்பிப் பார்க்கிறாள்.

ஆகஸ்ட் 14

காக்கா. பூனை. அப்பாவின் முதுகு. கள்ளனைக் காணோம்.

ஆகஸ்ட் 23

காமிரா வைத்த பிறகு ஒரு ஷீட்கூடப் போகவில்லை. ஆனால் ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு ஹாஸ்டல் வந்ததும் நான் போனைத் திறந்துவிடுகிறேன். கள்ளனுக்காக இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

இன்று அம்மா நீதுவுக்குத் தலை சீவிவிட்டாள். துணி துவைக்கும் கல்லில் அவளை உட்காரவைத்து, பின்னால் நின்று, மெல்ல. சிக்கு வந்த இடத்தில் அடிமுடியைப் பிடித்துக்கொண்டு சீவினாள், வலிக்காமலிருக்க. பதினெட்டு நிமிடம்.

எனக்கு எட்டாம் வகுப்பில் நிறுத்தினாள். "பெரிய கிளாஸுக்குப் போற புள்ள, நீயே சீவு." அன்று எவ்வளவு பெருமையாக இருந்தது.

சத்தம் இல்லாததால் என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னைப் பற்றியா? என்னைப் பற்றி இல்லாவிட்டால் அதுவும் வலிக்கிறது.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஓணம் விடுமுறை முடிந்து திரும்பிவிட்டேன். வீட்டில் நான் இருந்த மூன்று நாளும் இரண்டு பேரும் மத்தியானம் தூங்கினார்கள். இன்று நான் இங்கே வந்ததும் — 2.40க்கு நீது காகிதம் ஒன்று கொண்டுவந்தாள். அம்மா பேனாவைப் பிடிக்கிறாள். நீது அம்மாவின் கையின் மேல் கை வைத்து எழுதவைக்கிறாள். கண்ணால் பார்த்தேன்.

என்ன காகிதம்?

செப்டம்பர் 20

மறுபடியும். அம்மா எழுதியதை நீது வாங்கிப் பார்த்தாள், தலையாட்டினாள், மடித்தாள். அடுக்களைக்குள் கொண்டுபோனாள். வெறுங்கையோடு வந்தாள். வாசல் வழியாக அடுப்பு வெளிச்சம் ஒருமுறை எழும்பி அடங்கியது. எரிக்கிறாள்.

வீடு அம்மா பேரில் இருக்கிறது. மாடி எடுக்க லோன் வேண்டும் என்று ஓணத்துக்கு அண்ணன் பேசினான். அம்மாவைக் கையெழுத்துப் போட நீது பழக்குகிறாளா? இத்தனை சீக்கிரமா? எனக்கு வீடு வேண்டாம். சத்தியமாக வேண்டாம். ஆனால் அம்மா ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? தினமும் ராத்திரி எட்டுக்குப் பேசுகிறோம். "சாப்பிட்டியா, மழையா" — அவ்வளவுதான். நேற்று வேண்டுமென்றே, "மத்தியானம் என்னம்மா செஞ்ச?" என்று கேட்டேன். "என்னத்த செய்ய, சும்மா கெடந்தேன்" என்றாள்.

என்னிடம் பொய் சொல்கிறாள். அவளுக்காக.

செப்டம்பர் 27

ஏழு வீடியோ சேமித்துவிட்டேன். பார்க்கப் பார்க்க ஒரு சந்தோஷம் வருகிறது. இது நல்ல சந்தோஷம் இல்லை என்று தெரிகிறது. இருந்தாலும்.

அக்டோபர் 6, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

சபை முடிந்து வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். தயாரித்து வைத்திருந்த வாக்கியம் வரவில்லை. வேறு மாதிரி வந்தது. "மத்தியானம் அம்மாகிட்ட எழுதி வாங்குறது என்ன பேப்பரு?"

நீது கை சோற்றில் நின்றுவிட்டது. அம்மா மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பேப்பரு?" என்றான் அண்ணன். அவனுக்குத் தெரியாது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. போனில் காட்டினேன்.

"நானறியாம என்ன எழுத்து இது? நீது, உன்கிட்டத்தான் கேக்கேன்."

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததையா அடுப்புல போடுத?"

அவள் அம்மாவை ஒருமுறை பார்த்தாள். அம்மா நிமிரவில்லை. அப்பா, "சோறு தின்னுட்டுப் பேசுங்க" என்றார். யாரும் தின்னவில்லை. அண்ணன் சத்தம் போட்டான். நாலு மணிக்கு அவள் பையை எடுத்துக்கொண்டு, "அம்மே, ஞான் வீட்டுக்குப் போயிட்டு வாறேன்" என்று நெய்யாற்றின்கரைக்குப் போய்விட்டாள்.

நான் கிளம்பும்போது அம்மா கேட்டாள்: "கள்ளனப் பாக்கத்தானே மோளே அத வச்சோம்?"

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்பதுபோல.

அக்டோபர் 9

நீது வரவில்லை. ஜெயித்துவிட்டேன் போலிருக்கிறது. எட்டு மணிக்கு அம்மா போன் எடுக்கவில்லை. அப்பாதான் எடுத்தார்.

அக்டோபர் 14

துலாமழை தொடங்கிவிட்டது. இடி வந்தால் ரெக்கார்டர் பிளக்கைப் பிடுங்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன். மூன்று நாளாக மத்தியானத்தில் கறுப்புத் திரை. அந்தக் கறுப்பையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்ன புத்தி இது.

அக்டோபர் 17, வியாழன்

இன்று மழை இல்லை. 2.40. அம்மா தனியாகக் கல்லில் வந்து உட்கார்ந்தாள். முந்தானைக்குள்ளிருந்து எதையோ எடுத்து மடியில் விரித்தாள். விரல் வைத்து மெல்ல நகர்த்தினாள். நின்றாள். மறுபடி முதலிலிருந்து. வாய் அசைந்தது. கொஞ்ச நேரத்தில் தலையை நிமிர்த்தி அடுக்களை வாசலைப் பார்த்தாள், யாரையாவது கேட்கலாம் என்பதுபோல. யாரும் இல்லை. மூடிவிட்டாள்.

பதிவைப் பின்னால் ஓட்டி, பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் தெளிய வேண்டும் என்று வாங்கிய காமிரா. ஒரு அணில் படம். பக்கத்தில் இலை.

சண்டே ஸ்கூல் பிள்ளைகளின் எழுத்துப் புத்தகம்.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது.

எனக்கு இருபத்து மூன்று வயது. யார் என்ன செருப்பு போட்டு வந்தார்கள் என்பதுகூட எனக்கு ஞாபகமிருக்கும். கேஸ் புக்கு, பஸ் போர்டு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் "கண்ணாடி எடுக்கல்ல, நீ வாசி மோளே" என்று நீட்டுவாள். என் படிப்பைக் கேட்கப் பிடித்துத்தான் நீட்டுகிறாள் என்று இருந்தேன். பேரை எழுதுவாள், கீர்த்தனை எல்லாம் மனப்பாடம், சங்கீதம் இருபத்துமூன்றும் தொண்ணூற்றொன்றும் தப்பில்லாமல் சொல்வாள். சபையில் அவள் விரித்திருக்கும் பக்கம் சில நாள் வேறாக இருக்கும். அதையும் கவனித்திருக்கிறேன். கவனித்து, தூக்கக் கலக்கம் என்று விட்டிருக்கிறேன். போனக்காடு எஸ்டேட்டில் ஏழு தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்தவள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பாள் என்று ஒரு நாளாவது கேட்டேனா?

அக்டோபர் 19, சனி

நெய்யாற்றின்கரைக்குப் போனேன். வாசலிலேயே நின்றேன். நீதுவே, "மழையில நிக்கண்டா, கேறி வா" என்றாள்.

"புத்தகத்தப் பாத்தேன்" என்றேன்.

"காமிராவிலயா?"

"ம்."

நீது சொன்னாள்: பெண்கள் ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்க மாதர் சங்கத்தில் சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் அம்மா ஏதாவது சொல்லிப் பேர் எழுதாமல் தப்பிவிடுவாளாம். இந்த முறை யாரோ அவள் பேரையும் எழுதிப் போட்டுவிட, அதுவே விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் அழுதிருக்கிறாள்.

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"எனக்கு எவிட அறியும் தமிழெழுத்து? மலையாளம் மீடியம் அல்லே. புக்கு வாங்கி ராத்திரி ஞான் படிக்கும், மத்தியானம் அம்மைக்குச் சொல்லிக் குடுக்கும். சில நாள் அம்மாதான் எனக்குத் திருத்தும்." கொஞ்சம் சிரித்தாள். "அந்த ளகரமும் ழகரமும் ரெண்டு பேரையும் கொன்னுபோட்டு."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"ஞானும் கேட்டேன் லிஜி, அவளுட்ட கேக்கலாமேன்னு. 'எனக்க மவ முன்னாடி நான் எப்பிடி அ போடுவேன்'னு சொல்லிட்டாவ. எனக்கும் அறியாதுல்ல, அதனால எனக்க முன்னாடி நாணக்கேடு இல்ல. எழுதினதையும் யாரும் காணாண்டாம், தீயில போடுன்னாவ."

அண்ணனிடமும் சொல்லக் கூடாது என்றாள். எங்கள் அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள். "உனக்க சந்தேகம் தப்புன்னு மட்டும் நீ சொல்லு. பின்னே ஞான் வாறேன்."

அவள் வீட்டு முற்றத்திலிருந்தே அண்ணனுக்குப் போன் செய்தேன். "நான் நெனச்சது தப்பு. மைனி மேல ஒண்ணும் இல்ல." ஏன், எப்படி என்று கேட்டான். "தப்பு. அவ்வளவுதான்." "உனக்க படிப்பும் உனக்க காமிராவும்" என்று வைத்துவிட்டான். வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் நினைத்தேன், இனி பொறாமை போய்விடும் என்று. போகவில்லை. இன்னும் கூடிவிட்டது. எனக்கும் எழுத்து தெரியாமல் இருந்திருந்தால் அந்தக் கல்லில் அம்மாவுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். பதினாறு வருடம் படித்ததை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது?

அக்டோபர் 22

2.40. இரண்டு பேர். போனை மூடிவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தேன். மறுபடி மூடினேன்.

நவம்பர் 24, ஞாயிறு

அம்மா வாசித்தாள்.

வெள்ளைப் புடவை. ஒவ்வொரு சொல்லாக, கிணற்றிலிருந்து வாளி தூக்குவதுபோல. நாலாம் வசனத்தில் ஒரு சொல்லில் நின்றுவிட்டாள். சபை முழுதும் மின்விசிறிச் சத்தம். அந்தச் சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்தது என்னை இல்லை, என் பக்கத்தில் இருந்த நீதுவை. நீது உதட்டைக் கடித்துக்கொண்டு புத்தகத்தில் அதே சொல்லைத் தேடிக்கொண்டிருந்தாள், அவளுக்கும் வரவில்லை. நான் குனிந்துகொண்டேன். அம்மா எழுத்தெழுத்தாகக் கூட்டி, தானாகவே சொல்லிவிட்டாள்.

வெளியே வந்ததும், "நல்லா வாசிச்சம்மா" என்றேன்.

"கண்ணாடி மாத்தினேன் இல்லியா. அதான்."

"ம். நல்ல கண்ணாடி."

டிசம்பர் 3, செவ்வாய்

லேபில் கூட்டம். மூன்றுக்குத்தான் ஹாஸ்டல் வந்தேன். ஒரு வாரமாகக் காமிராவைத் திறக்கவில்லை. இன்று திறந்தேன், ஏன் என்று தெரியவில்லை.

அம்மா கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். நேராகக் காமிராவைப் பார்த்து. கையில், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம். காற்றில் மடங்கியது. நீது ஓடிவந்து ஒரு மூலையைப் பிடித்தாள். கரிக்கட்டையால் எழுதியிருக்க வேண்டும், எழுத்தெல்லாம் கோழிக்குஞ்சுகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம்.

லிஜி சோறு உண்டியா

எவ்வளவு நேரமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்? நான் பார்ப்பேனா மாட்டேனா என்றே தெரியாமல். பதிவைப் பின்னால் ஓட்டினேன். 2.40இலிருந்து. இடையில் இரண்டு முறை கை மாற்றியிருக்கிறாள்.

படத்தைப் போனில் எடுத்துக்கொண்டேன். நீதுவின் விரல் இருந்த மூலையை முதலில் வெட்டினேன். வெட்டினால் அந்தப் பக்கத்து எழுத்தும் சேர்ந்து போகிறது. முழுதாகவே வைத்துக்கொண்டேன்.

பிறகு கீழே மெஸ்ஸுக்குப் போனேன். சோறு ஆறியிருந்தது. உண்டேன்.