பார்வைத் தூரம் அறுநூறு மீட்டர்

அக்டோபர் 17, வியாழன்

பாலத்தின் கட்டுப்பாட்டு அறையில் மாலைப் பணி. இத்தாலியின் ‘போ’ ஆற்றின் மேல் லேசான பனி. பார்வைத் தூரம் அறுநூறு மீட்டர் என்கிறது சென்சார். ஐந்தேகாலுக்கு நிவேஸின் பச்சைக் கார் பாலத்தில் ஏறியது. வியாழன்தோறும் அக்கரையில் மாலை வகுப்பு எடுக்கிறாளாம். டூல்லியோ சொன்னான். பெற்ற மகளைப் பற்றி, உடன் வேலை பார்ப்பவன் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன்.

எழுபது கி.மீ. வேகத்தில் போனால் பாலத்தைக் கடக்க ஐம்பத்தேழு நொடி. நாற்பதில் போனால் தொண்ணூற்றொன்பது. சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அக்டோபர் 24, வியாழன்

செய்துவிட்டேன். அறிவிப்புப் பலகையில் ‘மூடுபனி – 40’ என்று கையால் ஏற்றினேன். கேமராவில் நிவேஸின் முகம் தெரியவில்லை. ஸ்டியரிங் மேல் இருந்த கை தெரிந்தது. அதுவே போதும்.

“அறுநூறு மீட்டர் தெரியுது, எதுக்குய்யா நாப்பது?” என்றான் டூல்லியோ.

“சென்சார் லென்ஸ்ல அழுக்கு. அழுக்கு படிஞ்சா அது எல்லாத்தையும் தெளிவுன்னுதான் சொல்லும்.”

இருபது வருஷ அனுபவம் பொய் சொல்லவும் உதவுகிறது.

அக்டோபர் 31

மறுபடியும். வெட்கமாக இருக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முன் இப்படியொரு மாதம்தான். கடும் மூடுபனி. ஆஸ்பத்திரியிலிருந்து நிவேஸ் கூப்பிட்டாள். “அம்மாவுக்கு முடியல, உடனே வாப்பா.” மாற்று ஆள் இல்லை. பாலத்தை அப்படியே விட்டுவிட்டு எப்படி எழுந்து போவது? போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. “நீ உன் பாலத்தோடயே இருந்துக்க” என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு.

இருக்கிறேன்.

நவம்பர் 5

லென்ஸ் துடைக்க ஆட்கள் வந்தார்கள். “பளிங்கு மாதிரி இருக்கு, இவானோ. உன் கண்ணைத்தான் துடைக்கணும்.” எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

நவம்பர் 7, வியாழன்

மூன்றாவது முறை. யாருமே வேகம் குறைக்கவில்லை. ஒருவன் பலகையைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனான். நாற்பதில் போனது பச்சைக் கார் மட்டும். அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு லாரி. இன்று அவள் கையைப் பார்க்கவில்லை, லாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 11

புனித மார்ட்டின் நாள். டூல்லியோ வீட்டுக்குக் கூப்பிட்டான், போகவில்லை. பண்டிகைக்கென்று வீட்டிலேயே வறுத்த கஷ்கொட்டை, புது ஒயின். ஒரு தட்டு, ஒரு கிளாஸ்.

நவம்பர் 14, வியாழன்



நாலு மணிக்கே ஆறு மறைந்தது. சென்சார் – அறுபது மீட்டர். நாற்பது போட்டேன். லாரிகள் எண்பதில் வந்தன. புலி வருது, புலி வருது என்று மூன்று வாரம் கத்தியவன் நான்தானே? யார் நம்புவார்கள்?

மணி ஐந்து பத்து. இன்னும் ஐந்து நிமிஷத்தில் அவள் ஏறுவாள். எல்லாரையும் போல் பலகையை மதிக்காமல் போனாலும் ஆபத்து. மதித்து மெதுவாகப் போனால் அதைவிட ஆபத்து.

பாலத்தை மூட மேலதிகாரி சம்மதிக்க வேண்டும். கேட்கவில்லை. இரண்டு பக்கமும் சிவப்பு விளக்கு போட்டுத் தடுப்பை இறக்கினேன். ஒரு லாரி கட்டையை உரசிக்கொண்டு நின்றது.

ஐந்து இருபதுக்குத் தடுப்பருகே இருக்கும் அவசரத் தொலைபேசியிலிருந்து அழைப்பு.

“எதுக்கு மூடிட்டீங்க? இன்னைக்கும் போன வாரம் மாதிரி பொய்தானா?”

அந்தக் குரலை எனக்குத் தெரியாதா?

“இல்லம்மா. இன்னைக்கு நிஜம்.”

“அப்ப அன்னைக்கெல்லாம்?”

“நீ போறத இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்னு…”

வைத்துவிட்டாள். டூல்லியோ முன்னாலேயே அழுதேன்.

நவம்பர் 15

எல்லாவற்றையும் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன், மூன்று தேதிகளையும். “லென்ஸ் மேல பழியப் போட்டுட்டுப் போயேன்யா” என்றான் டூல்லியோ. முடியாது என்றேன்.

நவம்பர் 22

வேலை போயிற்று.

நவம்பர் 28, வியாழன்

காலையிலிருந்து பனி விலகவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர் வீடுகூடத் தெரியவில்லை. ஐந்து மணியிலிருந்து உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பாலத்தில் என்ன நடக்கிறதென்று தெரிந்துகொள்ள எனக்கு இனி வழியில்லை.

ஐந்தரைக்கு போன் அடித்தது.

“அக்கரை வந்து சேந்துட்டேன்” என்றாள் நிவேஸ்.

சரிம்மா என்றேன்.