கார் படிவத்தின் பதினோராவது கட்டம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

இந்த வீட்டில் காரைத் தவிர எல்லோரும் நலம். நீ எப்படி இருக்கிறாய், சளி விட்டதா, அந்தக் கிழிந்த கம்பளியைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கினாயா என்று பதில் போடு. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார், அதோடு நீ பேனாவால் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் ஒன்றும் இருக்கிறது. உள்ளே மடித்து வைத்திருக்கிறேன், டீக் கோப்பையை அதன்மேல் வைத்துவிடாதே.

விஷயம் இதுதான். போன மாதம் மருந்துக்கடை வாசலில் காரைப் பின்னால் எடுக்கும்போது தூணில் இடித்துவிட்டேன். பின்விளக்கு ஒன்று உடைந்தது, டிக்கி மூடவில்லை, எனக்கு ஒரு கீறல்கூட இல்லை, பதறாதே. கார் நம் இருவர் பேரிலும் இருப்பதால் இன்சூரன்ஸும் இருவர் பேரில்தான். வண்டியைப் பார்க்க அந்தக் கம்பெனியிலிருந்து நெட்டையாக ஒருவர் டார்ச்சோடு வந்தார். குனிந்து நிமிர்ந்து எல்லாம் பார்த்துவிட்டு, பழைய படிவத்தைப் புரட்டி, தினமும் ஓட்டுபவர் மகன் என்று போட்டிருக்கிறதே, இடித்தது அவரா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ ஊரைவிட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. படிவம் நிரப்புவது அப்பாவின் இலாகா என்று உனக்குத் தெரியும். முப்பது வருஷம் அச்சகத்தில் அடுத்தவர் பிழையைத் திருத்தியவர், வீட்டுப் படிவம் என்றால் மட்டும் போன வருஷத்து நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஈயடிச்சான் காப்பி அடிக்கிறார். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை.

தப்பாகிவிட்டது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, ஆமா சார், பையன்தான் ஓட்டினான், கடைக்குப் போயிருக்கான், இப்ப வந்துடுவான் என்றார். அந்த மனிதரும் சரி, வரட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அரைமணி நேரம். நான் சமையலறையில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன், உன் அப்பா ஜன்னலோரம் நின்று, நீ நிஜமாகவே பையோடு திரும்பி வரப்போகிறாய் என்பதுபோல் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. வெளியே வந்து, அவன் கடைக்குப் போய் ஆறு வருஷமாச்சு சார், இடிச்சது நான்தான் என்று சொல்லிவிட்டேன். கம்பெனிக்காரர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. இந்தச் சேதத்துக்கு ஒண்ணும் கிடைக்காதும்மா, புதுப் படிவத்துல உண்மையை எழுதி நீங்களும் மகனும் கையெழுத்துப் போட்டு மாசக் கடைசிக்குள்ள குடுங்க, இல்லேன்னா பாலிசியே ரத்தாயிடும், அதுவரைக்கும் வண்டியை எடுக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே கார் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது. இரத்தப் பரிசோதனைக் கூடத்தை நான் ஆறு மணிக்குத் திறக்க வேண்டும், முதல் பஸ்ஸோ ஆறே காலுக்குத்தான். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வாசலில் முறைத்துக்கொண்டு நிற்க, நான் மூச்சிரைக்க ஓடுகிறேன்.

அன்றைக்கு அப்பாவை ஒரு பிடி பிடித்தேன். எதற்கு இந்தப் பொய், மாற்றி எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டே, மாத்தி எழுதினா அவன் இங்க இல்லேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்ல என்றார். என் கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும்போல்தான் இருக்கிறது கண்ணா, நான் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

புதுப் படிவத்தை நானே நிரப்பிவிட்டேன். தினமும் ஓட்டுபவர் அம்மா. உரிமையாளர் இடத்தில் உன் பேரும் அப்படியே இருக்கிறது, அதை யாரும் எடுக்கவில்லை. பதினோராவது கட்டம் மட்டும் காலி. மற்ற உரிமையாளர் வருஷத்தில் எத்தனை நாள் வண்டியை ஓட்டுவார் என்று கேட்டிருக்கிறார்கள். சும்மா பதினைந்து என்று போட்டுவிடு என்கிறார் அப்பா. இனி அந்தக் காகிதத்தில் நான் ஒரு பொய்யும் எழுதுவதாக இல்லை, அதை நீயே நிரப்பு. வர முடியாதென்றால் பூஜ்யம் போடு, அதற்கும் பாலிசி கிடைக்கும், விசாரித்துவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, நீண்ட ஆயுளோடு நிறைவாக இரு, எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. நீல மையில் கையெழுத்துப் போட்டு உடனே தபாலில் சேர்த்துவிடு, மறந்துவிடாதே. கட்டத்தில் பூஜ்யம் தவிர வேறு எண் எழுதினாயானால் மட்டும் யோசித்து எழுது. அதைப் பார்த்த நாளிலிருந்து உன் அப்பா மறுபடியும் ஜன்னலோரம் போய் நின்றுவிடுவார்.

இப்படிக்கு,
பாதிக் காரின் சொந்தக்காரி,
உன் அம்மா